உச்சி வெயிலில் எட்டு மில்லிமீற்றர்

போன ஆகஸ்ட் கடைசியில் ஒரு நாள், மத்தியானம் பன்னிரண்டரை இருக்கும். திருகோணமலையில், சுவாமி மலை உச்சியில், கோணேசர் கோயிலுக்கு அருகே நின்று கடலை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். கச்சான் காற்று அனலாக வீசியது. நான்கைந்து நிமிடம் ஓடியிருக்கும், திரை சட்டென்று மங்கியது. வெளிச்சத்தைக் கூட்டப் பார்த்தால் கூடவில்லை. கொஞ்ச நேரத்தில் கமராவும் தானாக மூடிக்கொண்டு, போன் சூடாகிவிட்டது என்று ஒரு வரி காட்டியது. பக்கத்தில் நின்ற என் மருமகன் தன் போனில் அதே கடலை எடுத்துக்கொண்டே இருந்தான்.

"மாமா, உங்கட போன் பழுதோ?" என்றான்.

பழுது இல்லை. இரண்டு போனும் ஒரே வருடம் வந்தவை, விலையும் கிட்டத்தட்ட ஒன்று, உள்ளே இருக்கும் சிப்பும் ஒன்று. பிறகு ஏன் ஒன்று படுத்தது, மற்றது நின்று பிடித்தது? அன்றைக்கு ஆரம்பித்த கேள்விதான் இந்தக் கட்டுரை.

முதலில் சூட்டின் கணக்கைப் பார்ப்போம். மடிக்கணினிக்குள் விசிறி இருக்கிறது. போனுக்குள் அது இல்லை. சிப்பில் உண்டாகும் சூடு முழுவதும் போனின் மேற்பரப்பு வழியாகத்தான் காற்றுக்குப் போகவேண்டும். அந்த மேற்பரப்பும் கை சுடும் அளவுக்குப் போகக்கூடாது. நாற்பத்து மூன்று, நாற்பத்து நான்கு பாகை என்றாலே பிடித்திருக்க முடியாது. சூடு வெளியேறும் வேகம், போனுக்கும் காற்றுக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசத்தைப் பொறுத்தது. ஏசி போட்ட 25 பாகை அறையில் 43 பாகைப் போனுக்கு 18 பாகை வித்தியாசம் கிடைக்கிறது. நம்முடைய 35 பாகை வெக்கையில் வெறும் 8. அதாவது அதே போன் இங்கே பாதிக்கும் குறைவான வேகத்தில்தான் ஆறும். குளிர்ந்த அறைக்குள் ஓட்டிப் பார்த்துக் கொடுக்கிற மதிப்பெண்கள் திருகோணமலையில் பொருந்தாமல் போவதற்கு இதுவே முதற்காரணம்.

அப்புறம் வெயில். நேர் வெயிலில் ஒரு சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 1000 வாட் விழுகிறது. பெரிய போன் ஒன்றின் முகம் 16 சென்ரிமீற்றருக்கு 7.5, பெருக்கிப் பார்த்தால் அதன்மேல் விழுவது சுமார் 12 வாட். விசிறியில்லாத போனின் சிப் நீண்ட நேரம் தாக்குப்பிடித்து வேலை செய்வதோ நாலைந்து வாட்டில்தான். கறுப்புப் போனை வெயிலில் பிடித்தால், உள்ளே இருக்கும் சிப்பைவிட மேலே இருக்கும் சூரியனே அதிகம் சூடேற்றுகிறது. சித்திரைப் புத்தாண்டை ஒட்டியும் ஆகஸ்ட் கடைசியிலும் மத்தியானச் சூரியன் திருகோணமலைக்கு நேர் உச்சியில் நிற்கும். நான் போனைத் தூக்கிப் பிடித்தது அப்படியான ஒரு நாளில்.

அப்படியானால் மருமகனின் போன் எப்படித் தப்பியது? அதன் உறை வெளிர் நிறம் என்பது ஒரு சின்னக் காரணம். பெரிய காரணம் உள்ளே இருக்கிறது. அதை ஆவி அறை என்று சொல்லலாம். செம்புத் தகட்டால் செய்த, முற்றாக மூடிய, அரை மில்லிமீற்றர் அளவில் தடிப்புள்ள ஒரு தட்டைப் பை. உள்ளே காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, மிகக் கொஞ்சம் தண்ணீர் விட்டிருப்பார்கள். காற்றழுத்தம் இல்லாததால் அந்தத் தண்ணீர் 100 பாகை வரை காத்திருக்காது. போன் சூடாகும் வெப்பநிலையிலேயே ஆவியாகும். சிப் இருக்கும் மூலையில் ஆவியாகி, குளிர்ந்த மற்ற மூலைக்கு ஓடி, அங்கே மறுபடியும் நீராகும்.

இடியப்பம் அவிக்கும்போது மூடியைத் திறந்து பாருங்கள். அடியில் கொதிக்கும் நீர், மேலே மூடியில் முத்து முத்தாகப் பிடித்திருக்கும். மூடி அடுப்பில் படவே இல்லை, ஆனாலும் கையைச் சுடும். நீராவி சூட்டைச் சுமந்துபோய் அங்கே கொட்டியிருக்கிறது. ஒரு கிராம் தண்ணீரை ஒரு பாகை சூடாக்க 4.2 ஜூல் போதும். அதே ஒரு கிராமை ஆவியாக்க ஏறத்தாழ 2400 ஜூல் வேண்டும். சூட்டை அள்ளிப்போக இவ்வளவு மலிவான, இவ்வளவு வல்ல கூலியாள் வேறில்லை. சரி, குளிர்ந்த பக்கம் நீரானது எப்படித் திரும்பி வரும்? போனை எந்தப் பக்கம் சரித்தாலும் வரவேண்டுமே. அதற்கு உட்சுவரில் நுண்ணிய செம்பு வலை ஒட்டியிருக்கும். குத்துவிளக்கின் திரி எண்ணெயை மேலே இழுப்பதுபோல அது தண்ணீரைச் சூடான மூலைக்கு இழுத்து வரும். பம்பும் இல்லை, மின்சாரமும் இல்லை. எனக்கு போனுக்குள் மிகவும் பிடித்த பாகம் இதுதான்.

ஆவி அறை சூட்டை அழிக்காது, பரப்பும் என்பதை மறக்கக்கூடாது. ஒரு மூலையில் குவிந்திருந்தது முதுகு முழுவதும் பரவினால் வெளியேறும் பரப்பு கூடுகிறது, அவ்வளவுதான். ஆனால் அந்தப் பரப்பலுக்கு இடம் கொடுக்க வேண்டும். அதை எவ்வளவு பெரிதாக வைப்பது என்பதில்தான் கம்பனிகள் பிரிகின்றன. 2024இல் வந்த கேலக்ஸி எஸ்24 அல்ட்ராவில் முந்தையதைவிட 1.9 மடங்கு பெரிய ஆவி அறை வைத்ததாக சாம்சங் சொன்னது. கூகுள் தன் பிக்சல் வரிசையில் அதே வருடம் 9 ப்ரோவில்தான் முதன்முதலாக ஆவி அறையைக் கொண்டுவந்தது. ரெட்மேஜிக் என்ற விளையாட்டுப் போன்களில் உண்மையான குட்டி விசிறியே இருக்கிறது. விசிறிக்குக் காற்றுத் துவாரம் வேண்டும். டச்சு பே மணலும் உப்புக் காற்றும் இருக்கும் ஊரில் நான் அதை வாங்கமாட்டேன்.

போனைச் சுற்றியிருக்கும் விளிம்புச் சட்டத்தின் உலோகமும் இந்தக் கணக்குக்குள் வரும். எஸ்24 அல்ட்ராவிலும் எஸ்25 அல்ட்ராவிலும் விளிம்பு டைட்டானியம்; பிக்சல் 9 ப்ரோவிலும் ஒன்பிளஸ் 13இலும் அலுமினியம். டைட்டானியம் எளிதில் வளையாது, நசுங்காது. ஆனால் வெப்பத்தைக் கடத்துவதில் அலுமினியத்தின் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக்கூட வராது. உள்ளே வேறு உலோகம் வைத்து அந்தக் குறையை ஈடுகட்டுகிறார்கள் என்றாலும், விளிம்பு வழியாகப் போகக்கூடிய கொஞ்சச் சூடு தடைப்படத்தான் செய்யும். அண்ட்ராய்டு பக்கத்தில் இல்லாவிட்டாலும் ஒன்றைச் சொல்லவேண்டும்: டைட்டானியத்துக்குப் போன ஆப்பிள், 2025இல் ஐபோன் 17 ப்ரோவில் மறுபடியும் அலுமினியத்துக்கு வந்தது, கூடவே ஆவி அறையும் வைத்தது.

திரை ஏன் மங்கியது என்பதும் சூட்டின் கதையே. திரையின் வெளிச்சத்தை நிட் என்ற அலகில் அளப்பார்கள். எஸ்25 அல்ட்ராவின் உச்ச வெளிச்சம் 2600 நிட், பிக்சல் 9 ப்ரோவினது 3000 என்று அறிவித்திருக்கிறார்கள். அது திரையின் சிறு பகுதியில், கொஞ்ச நேரத்துக்கு எட்டும் எண். ஓஎல்இடி திரையில் ஒவ்வொரு புள்ளியும் தனி விளக்கு; வெளிச்சம் கூடினால் சூடும் கூடும், சூடு கூடினால் புள்ளியின் ஆயுள் குறையும். அதனால் ஓர் எல்லைக்கு மேல் போன் தானே வெளிச்சத்தைக் குறைத்துவிடும். வெளிச்சம் தேவைப்படுவதும் வெயிலில், குறைவதும் வெயிலில். இந்த இடத்தில் சாம்சங் எடுத்த இன்னொரு வழி எனக்குச் சரியாகப் படுகிறது. சாதாரணக் கண்ணாடி தன்மேல் படும் ஒளியில் சுமார் நான்கு சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். பிரகாசமான வானத்தின் நான்கு சதவீதம் கறுப்பு எழுத்தைச் சாம்பலாக்கப் போதும். எஸ்24 அல்ட்ராவின் முன்கண்ணாடி அந்தப் பிரதிபலிப்பை 75 சதவீதம் வரை குறைக்கும் என்கிறார்கள். அதற்கு ஒரு வாட்கூடச் செலவில்லை. நிட் எண்ணை ஏற்றுவதைவிட இது புத்தியான வேலை.

இனி பற்றரி. போனுக்குள் அதிக இடத்தைப் பிடிப்பது அதுதான். சாம்சங்கின் அல்ட்ரா 2020இல் எஸ்20இல் வைத்த 5000 மில்லிஆம்பியர்-மணியை 2025இன் எஸ்25 வரை மாற்றவே இல்லை. அதே காலத்தில் ஒன்பிளஸ் 13 ஏறக்குறைய அதே தடிப்பில் 6000 வைத்துவிட்டது. எப்படி?

லித்தியம் பற்றரியின் எதிர்முனை வழக்கமாகக் கிராஃபைட். ஒரு கிராம் கிராஃபைட் 372 மில்லிஆம்பியர்-மணி வரை லித்தியத்தைப் பிடித்துவைக்கும். சிலிக்கன் அதைப்போல ஒன்பது பத்து மடங்கு பிடிக்கும். பிறகு ஏன் முதலிலேயே சிலிக்கன் போடவில்லை என்றால், லித்தியம் உள்ளே போகும்போது சிலிக்கன் ஊறவைத்த கடலையைப்போலப் பொருமும். கடலையாவது இரண்டு மடங்கோடு நிற்கும், இது நான்கு மடங்கை நெருங்கும். சார்ஜ் ஏற ஏற வீங்கி, இறங்க இறங்கச் சுருங்கி, சில நாளில் பொடியாகிவிடும். இதற்குக் கண்டுபிடித்த வழி, சிலிக்கனை மிக நுண்ணிய துகளாக்கி, கார்பனோடு கலந்து, அது பொருமுவதற்கு இடம் விட்டுவைப்பது. 2023இல் சீனாவில் வந்த ஹானர் மேஜிக்5 ப்ரோவில் இந்தச் சிலிக்கன்-கார்பன் பற்றரி வந்தது. இப்போது சீனக் கம்பனிகளின் உச்ச போன்கள் பலவற்றில் இருக்கிறது.

சாம்சங் ஏன் 5000இல் நின்றது என்பதற்கு இரண்டு விஷயங்களை நினைவில் வைக்கலாம். தனி செல் ஒன்று 20 வாட்-மணியைத் தாண்டினால் அதை ஏற்றியனுப்பும் விதிகள் கடுமையாகின்றன. 5000 மில்லிஆம்பியர்-மணி என்பது ஏறத்தாழ 19 வாட்-மணி, எல்லைக்குச் சற்று உள்ளே. இரண்டாவது 2016. கேலக்ஸி நோட் 7 பற்றரிகள் தீப்பிடித்து, போன் முழுவதையும் திரும்பப் பெறவேண்டி வந்தது. மூலையில் மின்முனைகள் நசுங்கும்படி பற்றரி இருந்ததும், இன்னொரு தயாரிப்பில் வெல்டிங் முட்கள் துளைத்ததும் காரணம் என்று 2017 ஜனவரியில் அறிவித்தார்கள். அதன்பிறகு மெதுவாகப் போவதை நான் குறையாகச் சொல்லமாட்டேன்.

வேகச் சார்ஜும் அப்படியே. எஸ்25 அல்ட்ரா 45 வாட், ஒன்பிளஸ் 13 நூறு வாட். கம்பியில் உண்டாகும் சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். மின்னோட்டம் இரட்டித்தால் சூடு நான்கு மடங்கு. அதனால் இவ்வளவு வேகமாக ஏற்றும் போன்கள் பலவற்றில் பற்றரியை இரண்டு செல்லாகப் பிரித்துத் தொடராக வைப்பார்கள். அதே வாட்டுக்கு மின்னோட்டம் பாதியாகும். ஆனால் சூட்டில் இருக்கும் பற்றரி எந்த வேகத்திலும் கெடும். போனைப் பாவிக்க 0 முதல் 35 பாகை என்று சாம்சங் சொல்கிறது. கச்சான் காலத்து மத்தியானம் நாம் அந்த மேல் எல்லையில் நிற்கிறோம். மோட்டார் சைக்கிளின் கைப்பிடியில் மாட்டி, வெயிலில் சார்ஜ் போட்டுக்கொண்டு நிலாவெளி வரை வழி பார்த்துப் போகிறவர்கள் இதைத் தெரிந்துவைப்பது நல்லது.

கமராவுக்கு வருவோம். இங்கே மருமகனின் முகம் கொஞ்சம் வாடியது. மே மாதத்தில் நாங்கள் நீலத்திமிங்கிலம் பார்க்கப் படகில் போயிருந்தோம். துறைமுக வாய்க்கு அருகிலேயே கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று ஆழமாக இறங்குவதால், திமிங்கிலங்கள் இங்கே கரைக்குப் பக்கத்தில் வரும். அவன் போனின் பிரதான கமரா அருமையானது, ஆனால் தூரத்தை இழுக்காது. என்னுடையதில் தூரத்தை ஐந்து மடங்கு இழுக்கும் பெரிஸ்கோப் கமரா இருக்கிறது. மூச்சு விடும் நீர்த்தூண் என் படத்தில்தான் தெளிவாக விழுந்தது.

தூரத்தை இழுக்க, வில்லைக்கும் சென்சருக்கும் இடையே நீளம் வேண்டும். எட்டு மில்லிமீற்றர் தடிப்பில் அது கொள்ளாது. அதனால் ஒரு பட்டகத்தால் ஒளியை 90 பாகை திருப்பி, வில்லைகளைப் போனின் குறுக்கே படுக்கவைத்தார்கள். இரண்டாம் உலகப் போரில் நம் துறைமுகத்தில் தங்கிய பிரித்தானிய நீர்மூழ்கிகள் கடலுக்கு மேலே எட்டிப் பார்த்ததும் ஒளியை இப்படித் திருப்பித்தான். 2019இல் ஹுவாவி பி30 ப்ரோ இதைப் பரவலாக்கியது. படுக்கவைத்த வில்லைக்கூட்டம் பற்றரியின் இடத்தைத் தின்னும் என்பது விலை. எஸ்23 அல்ட்ராவில் 10 மடங்குக் கமரா இருந்தது. எஸ்24இல் அதை எடுத்துவிட்டு 50 மெகாபிக்சலில் 5 மடங்கு வைத்தார்கள். தூரத்தை விட்டுக்கொடுத்து ஒளியை வாங்கினார்கள். ஆடுகிற படகில் எனக்கு ஒளியே வேண்டும்.

மருமகனின் பக்கத்தையும் சொல்லவேண்டும். ஷாவ்மி 14 அல்ட்ராவைப்போல ஓர் அங்குல வகைச் சென்சர் வைத்தவர்கள் உண்டு. பெயர் அங்குலம் என்றாலும் அளவு ஏறத்தாழ 13.1க்கு 9.8 மில்லிமீற்றர். எஸ்24 அல்ட்ராவின் 200 மெகாபிக்சல் சென்சரைவிட அதன் பரப்பு ஏறத்தாழ 1.8 மடங்கு. 200 மெகாபிக்சலில் ஒரு புள்ளி 0.6 மைக்ரோமீற்றர்தான், இருட்டில் பதினாறு புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்தே படம் செய்கிறது. பெரிய சென்சருக்கு அதே காட்சியை அடக்க வில்லை தூரத்தில் நிற்கவேண்டும், கிட்டத்தட்ட 8.7 மில்லிமீற்றர். போனின் முழுத் தடிப்பே அவ்வளவுதான்! முதுகில் துருத்தி நிற்கும் அந்த வட்டத் திட்டு அலங்காரம் இல்லை, ஒளியியல் கேட்ட இடம்.

படகுப் பயணம் இருவருக்கும் ஒரு செலவு வைத்தது. இரண்டுக்கும் தூசியும் தண்ணீரும் புகாது என்னும் ஐபி68 தரம் இருக்கிறது என்று நம்பி, கடல்நீர் தெறித்ததைத் துடைத்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் சார்ஜ் போட்டோம். ஒரு வாரத்தில் இரண்டும் சார்ஜ் ஏறாமல் நின்றன. திருத்தும் கடைத் தம்பி பூதக்கண்ணாடியை என்னிடம் நீட்டினான். துவாரத்துக்குள் இருந்த சின்னத் தகடுகளில் பச்சைக் களிம்பு.

"இது உப்புத் தண்ணி வேலை அண்ணா," என்றான்.

ஐபி68 சோதனை நல்ல தண்ணீரில் செய்வது. கடல்நீரில் மூன்றரை சதவீதம் உப்பு. உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். ஈரத்தோடு சார்ஜ் போட்டால் துவாரத்துக்குள்ளேயே மின்பகுப்பு நடந்து, தங்கப்பூச்சுக்கு அடியிலுள்ள செம்பு கரையத் தொடங்கும். ரப்பர் வளையங்கள் உள்ளே இருக்கும் எல்லாவற்றையும் காத்திருந்தன. வெளியே திறந்து நிற்கும் அந்த ஒரு வாயை மட்டும் காக்க முடியவில்லை. இப்போது கடலுக்குப் போய் வந்தால் மருமகன் போனை அணைத்து, நல்ல தண்ணீரால் துவாரத்தை மெல்லக் கழுவி, வாயைக் கீழே பார்க்கச் சாய்த்து நிழலில் வைத்துவிடுகிறான். காலையில்தான் சார்ஜ். பக்கத்தில் என் போனும் அப்படியே சாய்ந்திருக்கும்.