ஸ்டியரிங் ஆடுதா? நேரா அலைன்மென்ட்டுக்கு ஓடாதீங்க

"அண்ணே, ஸ்டியரிங் லூஸா இருக்கு, ரெண்டு தடவ அலைன்மென்ட் பண்ணியும் சரியாகல"ன்னு சொல்லிட்டு வர்ற வண்டிங்க ஒர்க்‌ஷாப்ல நிறைய. அலைன்மென்ட்ங்கிறது சக்கரம் நிக்கிற கோணத்த சரி பண்ற வேலை, நடுவுல ஒரு ஜாயிண்ட் தேஞ்சு ஆடிட்டு இருந்தா மெஷின்ல கோணம் கரெக்டா காட்டும், வண்டி ரோட்டுல இறங்கி ஒரு பள்ளத்துல விழுந்தா அந்த ஆட்டத்துக்கு ஏத்த மாதிரி சக்கரம் திரும்பவும் வேற கோணத்துக்கு போயிடும். அதனால முதல்ல ஆட்டம் எங்கன்னு கண்டுபிடிக்கணும், அலைன்மென்ட் கடைசி.

அதுக்கும் முன்னாடி அது நிஜமாவே ஆட்டம்தானான்னு பாத்துடுங்க. எலக்ட்ரிக் பவர் ஸ்டியரிங் வண்டியில மெதுவா போகும்போது ஸ்டியரிங் திருப்ப லேசா இருக்கும், அது கம்ப்ளெயின்ட்டே இல்ல. வண்டி ஒரு பக்கமா இழுத்தா காத்து, டயர், பிரேக் ஜாம், அலைன்மென்ட் இதுல ஏதோ ஒண்ணு. 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல கை நடுங்குச்சுன்னா பெரும்பாலும் வீல் பேலன்சிங். ஆட்டம்னா, நீங்க ஸ்டியரிங்க கொஞ்சம் திருப்புறீங்க ஆனா டயர் அசையல, அந்த நடு கேப்புதான்.

இத நீங்களே பாக்கலாம். சமமான இடத்துல நியூட்ரல்ல நிறுத்தி ஹேண்ட் பிரேக் போட்டு, இன்ஜின ஸ்டார்ட் பண்ணி டயர நேரா வச்சுக்கோங்க, கண்ணாடிய இறக்கி வெளிய நின்னுட்டு கைய உள்ள விட்டு ஸ்டியரிங்க இடது வலதா லேசா ஆட்டிட்டே முன் டயர பாருங்க. டயர் அசையுறதுக்கு முன்னாடி ஸ்டியரிங் ஓரம் எவ்வளவு தூரம் சும்மா போகுதுன்னு ஒரு ஸ்கேல் வச்சு பாத்தாலே தெரியும். நிறைய கம்பெனி மேனுவல்ல 30 மில்லிமீட்டர் வரைக்கும்தான் அனுமதி, உங்க வண்டிக்கு என்னன்னு மேனுவல பாத்துக்கோங்க. ரேக் அண்ட் பினியன் (ஸ்டியரிங்க திருப்பினா ஒரு பல் சக்கரம் பல் வச்ச கம்பிய இடது வலதா தள்ளுற அமைப்பு) வண்டியில அவ்வளவு தூரம் போற வரைக்கும் காத்திருக்கவே கூடாதுங்கிறது என் கருத்து.

ஸ்டியரிங்ல இருந்து டயர் வரைக்கும் ஸ்டியரிங் காலம் (ஸ்டியரிங்குக்கு கீழ போற தண்டு), யூனிவர்சல் ஜாயிண்ட் (கோணம் மாறினாலும் சேந்து சுத்துற இணைப்பு), ரேக் (அந்த பல் வச்ச கம்பி), ரேக் எண்டு (ரேக்கோட நுனியில இருக்கிற ஜாயிண்ட்), டை ராடு எண்டு (சக்கரத்து பக்கம் இருக்கிற நுனி ஜாயிண்ட்)னு வரிசையா ஜாயிண்ட், இதுல ஒவ்வொண்ணுலயும் துளி துளியா தேஞ்சாலே மேல கைக்கு பெருசா தெரியும். நாங்க செய்றது ரொம்ப சிம்பிள், ஒருத்தர் உள்ள உக்காந்து ஸ்டியரிங்க சின்னதா டக் டக்குனு ஆட்டுவார், இன்னொருத்தர் வண்டிக்கு அடியில இருக்கிற குழியில (பிட்) நின்னு ஒவ்வொரு ஜாயிண்ட் மேலயும் விரல வச்சு பாப்பார். கண்ணுக்கு தெரியாத ஆட்டம் கூட விரலுக்கு தட்டும். காலம்ல இருந்து ரேக்குக்கு போற யூனிவர்சல் ஜாயிண்ட்ட நிறைய பேர் தொட்டே பாக்க மாட்டாங்க, பெடல் பக்கத்துலயே இருக்கும். சில எலக்ட்ரிக் ஸ்டியரிங்ல மோட்டார் கிட்ட ஒரு சின்ன ரப்பர் கப்ளிங் இருக்கும், அது பொடிஞ்சாலும் லொடலொடன்னு சத்தம் வரும், அதுக்காக முழு காலத்தையும் மாத்த சொன்னா ஒரு நிமிஷம் யோசிங்க.

அடுத்தது ஜாக்கி போட்டு சக்கரத்த தூக்கிட்டு கையால ஆட்டி பாக்குறது. ஸ்டாண்டு வைக்காம வெறும் ஜாக்கிய நம்பி வண்டிக்கு அடியில தலைய விடவே விடாதீங்க. டயர இடது வலதா பிடிச்சு ஆட்டும்போது மட்டும் ஆட்டம் இருந்தா டை ராடு எண்டு இல்லன்னா ரேக் எண்டு. மேல கீழ பிடிச்சு ஆட்டினாலும் ஆடுச்சுன்னா வீல் பேரிங் இல்லன்னா பால் ஜாயிண்ட் (சக்கரத்த சஸ்பென்ஷனோட சேக்குற உருண்ட ஜாயிண்ட்), அப்ப ஒருத்தர பிரேக்க மிதிக்க சொல்லிட்டு திரும்ப ஆட்டுங்க, ஆட்டம் நின்னுட்டா பேரிங், நிக்கலன்னா பால் ஜாயிண்ட் பக்கம் பாக்கணும். ரேக் எண்டு ரப்பர் பூட்டுக்குள்ள (மண்ணு தண்ணி போகாம மூடுற ரப்பர் உறை) ஒளிஞ்சிருக்கிறதால பல பேர் கோட்டை விடுறது அங்கதான், பூட்ட வெளிய இருந்தே அமுக்கி பிடிச்சுட்டு சக்கரத்த ஆட்டினா உள்ள டொக்குனு கைக்கு தெரிஞ்சிடும். பூட்டு கிழிஞ்சிருந்தா உடனே மாத்திடுங்க, அது வழியா தண்ணியும் மண்ணும் போச்சுன்னா ரேக்கே துரு பிடிச்சு சின்ன செலவு பெரிய செலவாயிடும்.

இப்ப எனக்கு கோவம் வர்ற விஷயம். ஆட்டம்னு சொன்ன உடனே ரேக்குல இருக்கிற அட்ஜஸ்டர் நட்ட ஒரு திருகு திருகி "சரியாயிடுச்சு"ன்னு அனுப்பி விடுறது. நாம அதிகம் ஓட்டுறது நேராத்தான், அதனால ரேக் நடுவுலதான் தேயும், ஓரத்துல தேயாது. நடு ஆட்டம் போற அளவுக்கு இறுக்கினா ஃபுல்லா ஒடிக்கும்போது ஓரத்துல போய் பிடிக்கும், வளைவுல திரும்பினதும் ஸ்டியரிங் தானா நேராகாது. ஆட்டத்த விட அது ஆபத்து. மத்த ஜாயிண்ட் எல்லாம் நல்லா இருக்குன்னு பாத்துட்டு, மேனுவல்ல சொன்ன அளவுக்கு மட்டும் அட்ஜஸ்ட் பண்ணா தப்பில்ல, அப்பவும் ரெண்டு பக்கமும் கடைசி வரைக்கும் திருப்பி பாக்கணும்.

டை ராடு எண்டு மாத்துறப்ப நட்டுல ஸ்ப்ளிட் பின் (நட்டு கழண்டு வராம ஓட்டையில சொருகுற கம்பி) போடுற மாதிரி இருந்தா புது பின்தான் போடணும், ஓட்டை நேரா வரலன்னா நட்ட லூஸ் பண்ணி நேராக்கக் கூடாது, இன்னும் கொஞ்சம் இறுக்கித்தான் நேராக்கணும். இது முடிஞ்ச பிறகுதான் அலைன்மென்ட், அத கண்டிப்பா பண்ணணும், ஏன்னா எண்டு மாத்தினாலே டோ (முன் சக்கரங்க உள்ளயோ வெளியயோ பாக்குற கோணம்) மாறிடும், விட்டா புது டயர் கூட ஓரமா தேஞ்சுடும்.

பால் ஜாயிண்ட்ல நல்ல ஆட்டம் தெரிஞ்சா, இல்ல திடீர்னு ஒரே நாள்ல ஆட்டம் அதிகமாயிட்டா, ஓட்டிட்டு வராதீங்க. அது கழண்டா சக்கரம் மடங்கிடும், அப்புறம் ஸ்டியரிங் கையில இருந்தும் பிரயோஜனம் இல்ல, கட்டி இழுத்துட்டு போற வண்டிய கூப்பிடுங்க. வேலை முடிஞ்சதும் கழட்டின பழைய பார்ட்ட கேட்டு வாங்கி கையால ஆட்டி பாருங்க. நல்ல ஜாயிண்ட் அசைக்கவே டைட்டா இருக்கும், போன ஜாயிண்ட் தொளதொளன்னு தானா தொங்கும், மாத்துனது சரியான பார்ட்டான்னு அதுலயே தெரிஞ்சிடும்.