விமான எரிபொருள் வரி: எந்த ஊரில், எந்த விமானத்துக்கு, எவ்வளவு?

இந்தியாவில் விமான நிறுவனங்களின் இயக்கச் செலவில் ஏறத்தாழ 40 சதவீதம் எரிபொருளுக்கே போவதாகப் பொதுவாகக் கணக்கிடப்படுகிறது. ஏடிஎஃப் என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்த எரிபொருள், உலகின் பெரும்பாலான நாடுகளில் புழங்கும் ஜெட் ஏ-1 வகையைச் சேர்ந்த மண்ணெண்ணெய்தான்.

ஏடிஎஃப் விலையை 2001 முதல் இந்திய அரசு நிர்ணயிப்பதில்லை. வளைகுடாச் சந்தையின் சராசரி விலையையும் டாலர் மதிப்பையும் வைத்து எண்ணெய் நிறுவனங்கள் மாதந்தோறும் முதல் தேதியில் விலையை மாற்றுகின்றன. ஆகவே உள்நாட்டிலேயே சுத்திகரித்த எரிபொருளானாலும் அதன் விலை உலகச் சந்தையைப் பின்பற்றியே ஏறி இறங்கும். ஆனால் ஒரே நாளில் ஊருக்கு ஊர் விலை வேறுபடுவதற்கு முக்கியக் காரணம் வரியே.

கச்சா எண்ணெய், பெட்ரோல், டீசல், இயற்கை எரிவாயு ஆகியவற்றைப் போலவே ஏடிஎஃப்பும் 2017 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த ஜிஎஸ்டிக்கு வெளியே நிறுத்தப்பட்டது. அதனால் மத்திய கலால் வரி ஒருபுறமும் மாநிலத்தின் விற்பனை வரியான மதிப்புக் கூட்டு வரி மறுபுறமும் தொடர்கின்றன. 2016இல் 14 சதவீதமாக உயர்த்தப்பட்ட கலால் வரி, 2018 அக்டோபர் 11 முதல் 11 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அந்தக் கலாலையும் சேர்த்த விலையின் மீதுதான் மாநில வரி கணக்கிடப்படுகிறது. அதாவது வரிக்கும் வரி. தமிழ்நாட்டின் விகிதம் பல ஆண்டுகள் 29 சதவீதம் என்ற உயர்ந்த நிலையிலேயே இருந்தது. மகாராஷ்டிரம் 2023இல் மும்பை, புனே பகுதிகளுக்கு 25 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைத்தது. வரி குறைந்த ஊரில் தேவைக்கு மேல் நிரப்பிக்கொண்டு பறப்பது விமான நிறுவனங்களின் வழக்கம் என்பதால், மாநிலங்களுக்கு இது போட்டியும் ஆகிறது.

அதிகம் பேசப்படாத ஒரு விதியும் உண்டு. மத்திய விற்பனை வரிச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, அட்டவணைப்படி சேவை நடத்தும் நிறுவனங்களின் 40,000 கிலோவுக்குக் குறைந்த புறப்பாட்டு எடையுள்ள விமானங்களுக்கு விற்கப்படும் ஏடிஎஃப்பைச் சிறப்பு முக்கியத்துவம் உள்ள பொருளாகக் கருதுகிறது. அதன் மீது மாநிலம் 5 சதவீதத்துக்கு மேல் விற்பனை வரி விதிக்க முடியாது. சுமார் 23 டன் எடையுள்ள ஏடிஆர் 72 என்ற சிறிய விமானம் இந்த வரம்புக்குள் வரும். 70 டன்னைத் தாண்டும் ஏர்பஸ் ஏ320 வராது. ஆகவே சென்னையில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு விமானங்கள் ஒரே எரிபொருளுக்கு வெவ்வேறு வரி கட்டலாம். சிறிய ஊர்களுக்கு ஏடிஆர் விமானங்களை இயக்குவது கட்டுப்படியாவதில் இதற்குக் கணிசமான பங்கு உண்டு.

சிறிய ஊர்களை விமானச் சேவையால் இணைக்கும் மத்திய அரசின் உடான் திட்டத்தில் சலுகை இன்னும் பெரியது. 2017 ஏப்ரலில் சிம்லா–டெல்லி தடத்தில் தொடங்கிய இத்திட்டத்தின்படி, சேலம் போன்ற உடான் விமான நிலையங்களில் நிரப்பப்படும் எரிபொருளுக்கு மாநில வரியை 10 ஆண்டுகளுக்கு 1 சதவீதமாகவோ அதற்கும் குறைவாகவோ வைக்க மாநிலங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். மத்திய அரசும் கலாலை 2 சதவீதமாகக் குறைத்தது.

வெளிநாட்டுப் பயணத்துக்கு இந்திய நிறுவனங்கள் வாங்கும் எரிபொருளைச் சட்டம் ஏற்றுமதியாகவே பார்க்கிறது. அதற்கு விற்பனை வரி இல்லை. சென்னையிலிருந்து சிங்கப்பூர் செல்பவரின் எரிபொருளுக்கு இல்லாத வரியை மதுரை செல்பவர் சுமப்பது, உள்நாட்டுப் பயணிக்கு நியாயமாகத் தோன்றாது என்றே சொல்ல வேண்டும்.

பயணச்சீட்டில் இந்த வரியைத் தேடினால் கிடைக்காது. அங்கே தெரிவது கட்டணத்தின் மீதான ஜிஎஸ்டியும் விமான நிலையக் கட்டணங்களும்தான். எரிபொருள் வரியை அந்த ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளவும் நிறுவனங்களுக்கு வழியில்லாததால், அது அடிப்படைக் கட்டணத்துக்குள்ளேயே புதைந்துவிடுகிறது. ஏடிஎஃப்பை ஜிஎஸ்டிக்குள் கொண்டுவரப் புதிய சட்டத்திருத்தம் தேவையில்லை. ஜிஎஸ்டி மன்றம் ஒரு தேதியைப் பரிந்துரைத்தால் போதும். 2024 டிசம்பர் 21 அன்று ஜெய்சால்மரில் கூடிய மன்றத்தில் இக்கேள்வி எழுந்தபோது, வருவாயை இழக்க விரும்பாத மாநிலங்கள் அதற்கு இணங்கவில்லை.