ஈசலுக்குள் இருக்கும் இரும்பு

ஐப்பசி மழை வெறித்த சாயங்காலங்களில் ஈசல் கிளம்பும் நேரம் இது. களக்காட்டுப் பக்கமிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: “மவளுக்கு ஆறு மாசம். ஈசல் பொரி வேணும்னு கேக்கா. சூடுன்னு அவ மாமியார் தடுக்காவ. குடுக்கலாமா?”

கொடுக்கலாம், சில நிபந்தனைகளோடு. ‘சூடு’ அந்த நிபந்தனைகளில் வராது.

கரையான் கூட்டத்தில் சிறகு முளைத்த ஆணும் பெண்ணும்தான் ஈசல். இறகை உதிர்த்து மண்ணுக்குள் போன ஜோடி, முதல் வேலைக்காரக் கரையான்கள் வளரும்வரை உடம்பிலுள்ள கொழுப்பையும் பறக்கும் தசையையும் கரைத்தே பெரும்பாலும் காலம் தள்ளும். அதனால்தான் எண்ணெய் விடாமலே வறுசட்டி மினுங்குகிறது. காய்ந்த எடையில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ கொழுப்பு. மிச்சத்தில் பெரும்பகுதி புரதம்.

ஒரு கர்ப்ப காலத்துக்கு மொத்தம் ஏறத்தாழ 1000 மில்லிகிராம் இரும்பு வேண்டும். ஆட்டு ரத்தப் பொரியலில் இருக்கும் இரும்பு ஹீம் வடிவத்தில், அதாவது ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும் மூலக்கூறுக்குள், இருப்பதால் குடலில் தனி வழியாக உள்ளே போய்விடும். டீயோ தவிடோ அதை அவ்வளவாகத் தடுப்பதில்லை. ஈசலின் ரத்தத்தில் ஆக்சிஜன் சுமக்கும் ஹீமோகுளோபின் கிடையாது. பக்கவாட்டுத் துளைகளில் நுழையும் காற்று மூச்சுக்குழல்கள் வழியே நேராகத் தசைக்கே போய்ச் சேர்வதால், அந்த வேலை அதன் ரத்தத்துக்குப் பெரும்பாலும் இல்லை. பறக்கும் தசையில் ஆற்றல் உண்டாக்க உதவும் சைட்டோகுரோம் என்ற புரதங்களில் கொஞ்சம் ஹீம் உண்டு, அவ்வளவுதான்.

பிறகு இரும்பு எங்கே இருக்கிறது? ஃபெரிட்டின் என்னும் புரதத்துக்குள். 24 துண்டுகள் கூடி அமைத்த, நடுவில் வெற்றிடம் உள்ள உருண்டை அது. குறுக்களவு சுமார் 12 நானோமீட்டர். அந்த வெற்றிடத்தில் 4500 இரும்பு அணுக்கள் வரை துருபோல் படிந்து கிடக்கலாம். இரும்பைச் சும்மா விட்டால் ஹைட்ரஜன் பெராக்சைடோடு சேர்ந்து செல்லையே அரிக்கும் மூலக்கூறுகளை உண்டாக்கும். அடைத்து வைப்பது அதற்காக. மனித உடம்பில் ஃபெரிட்டின் பெரும்பாலும் செல்லுக்குள்ளேயே இருக்கிறது, வீட்டு மூலையில் நிற்கும் நெல் குலுக்கை மாதிரி. பூச்சியோ குலுக்கையையே தூக்கிக்கொண்டு ஊர் சுற்றும்! அதன் ரத்தத்திலேயே ஃபெரிட்டின் மிதக்கிறது. முட்டைக்குக்கூட இரும்பு அப்படிப் போகிறது.

வறுசட்டியின் சூட்டிலும் வயிற்று அமிலத்திலும் கூடு குலைந்து இரும்பு வெளியே வரும். ஆனால் அது ஃபெரிக் வடிவம், குடல் எளிதில் எடுத்துக்கொள்ளாத வகை. சிறுகுடல் சுவர் அதை ஃபெரஸ் என்ற இன்னொரு வடிவமாக மாற்றித்தான் உள்ளே இழுக்கும். உள்ளே வந்ததை ரத்தத்துக்கு அனுப்புவதா வேண்டாமா என்பது கல்லீரலில் சுரக்கும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் கையில். அது கூடினால் குடலில் வழி அடைபடும். கர்ப்பத்தின் நடு மாதங்களிலிருந்து ஹெப்சிடின் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. ஒரே சட்டிப் பொரியைத் தின்றாலும் மாமியாரைவிட மருமகளின் உடம்பு பொதுவாக அதிக இரும்பை எடுத்துக்கொள்ளும். ஃபெரிக்கை ஃபெரஸாக்க வைட்டமின் சி உதவும். ஆகவே அடுப்பிலிருந்து இறக்கி ஆறியபின் எலுமிச்சை பிழியுங்கள், அல்லது கூடவே ஒரு நெல்லிக்காய். டீ, காப்பிக்கு ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

கரையான் இரும்பைப் பற்றி வரும் அட்டவணைகளில் எண்கள் பல மடங்கு முன்பின்னாக இருக்கின்றன. ஒட்டியிருக்கும் செம்மண்ணும் கணக்கில் ஏறிவிடுவது ஒரு காரணம். அந்த மண்ணின் இரும்பு நமக்குச் செரிப்பது வெகு சொற்பம். கழுவியதையும் கழுவாததையும் தனித்தனியே அளக்கக் கோடிக்கணக்கில் செலவாகாது. பாளையங்கோட்டையைச் சுற்றிக் கல்லூரிகளுக்கா பஞ்சம்? இப்படிச் சின்ன ஆய்வுகளுக்குப் பணம் ஒதுக்கத்தான் மனசு வருவதில்லை.

பக்குவம் இப்படி. விளக்கடியில் தண்ணீர்ச் சட்டி வைத்துப் பிடித்த ஈசலை மண் போக இரண்டு மூன்று தண்ணீரில் அலசி, வடித்து, உடனே வறுக்க வேண்டும். ஈரக் குவியலாக ராத்திரி முழுக்கக் கிடந்தால் பாக்டீரியா பெருகும். அதில் சிலவற்றின் வித்துகள் வறுத்தாலும் சாகாது. தீ சிறியதாக இருக்கட்டும். தீ கூடினால் இறகு கருகி உடம்போடு ஒட்டிக்கொள்ளும், வயிறு ஈரமாகவே நிற்கும். இறகு சுருண்டு உதிர்ந்ததும் ஆறவிட்டு, சுளகில் புடைத்து, மறுபடி மொறுமொறுப்பாகும் வரை வறுத்து, வறுத்த அரிசியும் பொட்டுக்கடலையும் உப்பும் சேர்க்கலாம். கொழுப்பு அதிகம் என்பதால் சில நாளில் காறும். காறல் வாடை வந்தால் கொட்டிவிடுங்கள். ஒரு வேளைக்கு ஒரு கைப்பிடி போதும்.

குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிமருந்து ஊற்றிய புற்று, கரையான் மருந்து வைத்த வீட்டு அஸ்திவாரம், மருந்தடித்த வாழைத்தோட்டத்து வரப்பு, இங்கே கிளம்பும் ஈசல் வேண்டவே வேண்டாம். வறுத்தால் விஷம் போய்விடும் என்று நம்ப முடியாது. இறால் தின்றால் உதடு தடிக்கிறவர்களும் தொடக்கூடாது. இரண்டிலும் டிரோப்போமயோசின் என்ற புரதம் ஏறக்குறைய ஒன்றுபோல் இருக்கும். அது சூட்டுக்கும் எளிதில் அசையாது.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் நாலாம் மாதத்திலிருந்து 180 நாளுக்குத் தரும் மாத்திரை ஒவ்வொன்றிலும் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. பொரி தின்ற நாளிலும் அதை விடக்கூடாது. கால்சியம் மாத்திரையை மட்டும் அதோடு சேர்த்து விழுங்காமல், இரண்டு மணி நேரம் தள்ளிப் போடச் சொல்லுங்கள்.