ஓட்டிப் பார்ப்பதற்கு முன் தூக்கிப் பாருங்கள்

போன மாதம் ஒரு தம்பி சிவப்பு ஃபோக்ஸ்வேகன் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. எடுத்துக்கொண்டு நம் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தான். செகண்ட் ஹேண்டில் வாங்கிப் பத்து நாள்தான் ஆகிறதாம். "அண்ணா, ஸ்டேஜ் 1 மேப் போட்டுடலாம்ணா" என்றான், முகமெல்லாம் சிரிப்பு. இன்ஜின் கம்ப்யூட்டரின் சாஃப்ட்வேரை மாற்றிப் பவரைக் கூட்டுவதைத்தான் மேப் என்கிறோம். வெளியே பார்த்தால் வண்டி கண்ணாடி மாதிரிதான் இருந்தது. சரி, முதலில் அடியைப் பார்ப்போம் என்று லிஃப்டில் ஏற்றினேன். பின்பக்க பிரேக் பைப் பொருக்குத் தட்டிப்போய், நகத்தால் சுரண்டினாலே உதிர்கிறது. விசாரித்தால், முந்தைய ஓனர் வீடு காலாப்பட்டில் கடலைப் பார்த்து, வண்டி நின்றது வெட்டவெளியில். மேப்புக்கு எடுத்து வைத்த பணம் பிரேக்குக்கே போய்விட்டது.

புதுச்சேரி தவளக்குப்பத்தில் கடலூர் ரோட்டு மேல் இத்தனை வருடமாக வண்டி பார்க்கிறேன், இந்த முகம் மாறுவதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கஷ்டமாகத்தான் இருக்கிறது. வேக வண்டி வாங்குகிறவர்கள் குதிரைத் திறனையும் டர்போவையும் மணிக்கணக்காகப் பேசுகிறார்கள், ஆனால் வாங்குவதற்கு முன் குனிந்து அடியில் பார்ப்பதில்லை. நம் ஊரில் வண்டியின் ஆயுசு அடியில்தான் எழுதியிருக்கிறது. உப்புக் காற்று பெயிண்டை உடனே தொடாது. இன்ஜினையும் சஸ்பென்ஷனையும் தாங்கும் சப்ஃப்ரேமின் போல்ட், சைலன்சர் ஜாயின்ட், பிரேக் பைப், ஒயரிங் கனெக்டருக்குள் இருக்கும் பித்தளைப் பின், இவற்றைத்தான் முதலில் தின்னும். கனெக்டரைக் கழற்றினால் உள்ளே பச்சையாகப் பூத்திருக்கும், அப்புறம் சென்சார் கோளாறு என்று ஸ்கேனர் காட்டும், சென்சாரை மாற்றினாலும் கோளாறு போகாது.

அடுத்தது வெள்ளம். 2015 டிசம்பர் சென்னையும் கடலூரும் நினைவிருக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் சமயத்தில் சென்னை மறுபடி மூழ்கியது. 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை, அடுத்த ஓரிரு நாளில் தென்பெண்ணை கரை மீறிக் கடலூருக்குள் வந்தது. மூழ்கிய வண்டியை யாரும் அதே ஊரில் விற்பதில்லை. இங்கே மூழ்கியது வேறு ஊருக்குப் போகிறது, சென்னையில் மூழ்கியது இங்கே வருகிறது. அதனால் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். சீட்டுத் துணியை மாற்றுகிறவர்கள் பெல்ட்டின் கடைசி அரை அடியை மறந்துவிடுவார்கள், சேற்றுக் கோடு அங்கே நிற்கும். சீட் தண்டவாளத்தில் துரு, ஸ்டெப்னி குழியில் மணல், கார்பெட்டைத் தூக்கினால் முடை நாற்றம், இதில் ஒன்று இருந்தாலும் விட்டுவிடுங்கள். ஓடும்போது இன்ஜினுக்குள் தண்ணீர் இழுத்த வண்டியில், பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராட் லேசாக வளைந்திருக்கும். வண்டி சில மாதம் ஓடும், பிறகு ஒரு நாள் நீங்கள் முழுசாக மிதிக்கும்போது அந்த ராட் இன்ஜின் பிளாக்கை உடைத்துக்கொண்டு வெளியே வரும்.

டெஸ்ட் டிரைவ் என்றால் விற்கிறவர் நேராக ஈ.சி.ஆருக்குக் கூட்டிப் போவார். அங்கே எந்த வண்டியும் நன்றாகத்தான் ஓடும். ட்ரை கிளட்ச், அதாவது ஆயிலில் ஊறாத கிளட்ச் வைத்த ஏழு கியர் டி.எஸ்.ஜி. ஆட்டோமேட்டிக் கியர் பெட்டி என்றால், சாயந்திரம் ஆறு மணிக்கு ராஜீவ் காந்தி சதுக்கத்திலிருந்து இந்திரா காந்தி சதுக்கம் வரை ஊர்ந்து போகச் சொல்லுங்கள், முடிந்தால் இரண்டு தடவை. அந்தப் பெட்டிக்கு எதிரி சூடும் நெரிசலும்தான். சூடானதும் முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாறும்போது உதறினாலோ, மீட்டரில் கியர் எழுத்து மினுக்கினாலோ, கிளட்ச் அல்லது கியரை மாற்றும் கன்ட்ரோல் யூனிட்டான மெக்கட்ரானிக்ஸ் செலவு வாசலில் நிற்கிறது என்று அர்த்தம். அந்தச் செலவைக் கழித்துத்தான் விலை பேச வேண்டும்.

பேப்பர் விஷயம் சுருக்கமாக. வரி குறைவு என்பதால் புதுச்சேரிப் பதிவான பி.ஒய். 01 வண்டிகள் நிறைய கைமாறுகின்றன. கடலூரில் இருக்கிறவர் அதை வாங்கி 12 மாதத்துக்கு மேல் தமிழ்நாட்டில் வைத்திருந்தால், புதுச்சேரி ஆர்.டி.ஓ.வில் ஆட்சேபணை இல்லை என்கிற என்.ஓ.சி. வாங்கி அங்கே மறுபதிவு செய்து வரி கட்ட வேண்டும். ஆர்.சி.யில் லோன் இன்னும் நிற்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

வாங்கியாகிவிட்டதா? முதல் பணம் வண்டியை நிறுத்துகிற டயருக்கும் பிரேக்குக்கும் போகட்டும், வேகத்துக்கு அப்புறம் போகலாம். டயர் பக்கவாட்டில் நாலு எண் இருக்கும், 3518 என்றால் 2018-ஆம் வருடத்தின் 35-வது வாரம். பட்டன் எவ்வளவு ஆழம் இருந்தாலும், ஆறு வருடம் தாண்டிய டயரில் நூறுக்கு மேல் போக நான் யாரையும் விடமாட்டேன். பிரேக் ஆயில் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், நம் கடலோரக் காற்றில் சொல்லவே வேண்டாம், இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை கட்டாயம் மாற்றுங்கள். டைமிங் பெல்ட் வைத்த இன்ஜின் என்றால் எப்போது மாற்றினார்கள் என்று பில் கேளுங்கள், பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மேப் போடுவதாக இருந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிவிக்காமல் போடாதீர்கள். விபத்து என்று வந்தால் கிளெய்ம் அங்கேதான் மாட்டும்.

வாரம் ஒரு தடவை நல்ல தண்ணீரில் அடியைக் கழுவுங்கள். உப்புத் தண்ணீர் வருகிற போர் பைப்பில் கழுவுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அதற்குக் கழுவாமலே விடலாம். ஆசை வண்டி என்று கவர் போட்டு மாதக்கணக்கில் மூடி வைப்பதும் வேண்டாம். உள்ளே ஈரம் தங்கும், டிஸ்க் துரு பிடிக்கும், பேட்டரி இறங்கும்.

எப்போது மாற்றுவது என்று அடிக்கடி கேட்கிறார்கள். செலவு பெரிதாக வந்தால் என்று சொல்லமாட்டேன், செலவு செய்தால் சரியாகிற வண்டி நல்ல வண்டி. பார்ட்ஸுக்காக வண்டி நிற்கும் நாள் ஓடும் நாளைவிட அதிகமாகும்போது யோசியுங்கள். ஃபியட்டின் லீனியா டி-ஜெட், அபார்த் புன்டோ, ஃபோர்டின் ஃபியஸ்டா 1.6 எஸ் வைத்திருக்கிறவர்களுக்கு இது புரியும். ஓட்டுவதற்கு அருமையான வண்டிகள், ஆனால் இன்றைக்கு நம் நாட்டில் ஃபியட்டும் கார் விற்கவில்லை, ஃபோர்டும் விற்கவில்லை. அவற்றை வைத்துக்கொள்ள நினைப்பவர் தினசரி வேலைக்கு இன்னொரு சாதாரண வண்டி வைத்திருக்க வேண்டும். அது முடியாதென்றால், வண்டி நன்றாக ஓடும்போதே, அருமை தெரிந்த ஒருவர் கையில் எல்லா பில்லோடும் கொடுத்துவிடுங்கள்.

அந்தச் சிவப்பு போலோ இப்போது புது பைப், புது டயரோடு ஓடுகிறது. மேப் பற்றித் தம்பி இன்னும் பேச்செடுக்கவில்லை. பழைய வண்டி பேசி வைத்திருக்கிறவர்கள், முன்பணம் கொடுப்பதற்கு முன் ஞாயிற்றுக்கிழமை காலையில் அதை ஓட்டிக்கொண்டு வாருங்கள். அன்றைக்கு லிஃப்ட் காலியாகத்தான் இருக்கும், ஏற்றிப் பார்க்க நான் காசு வாங்குவதில்லை.