அறுக்க அறுக்கத் துளிர்க்கும் புல்: தீவனப் பயிருக்குள் ஹார்மோன் கணக்கு

லிம் சூ காங் பக்கம் ஆளுயரத்தைத் தாண்டி நிற்கும் நேப்பியர் புல்லைப் பலரும் பார்த்திருப்பார்கள். தீவனத்துக்காக ஆப்பிரிக்காவிலிருந்து உலகெங்கும் கொண்டுபோன புல் அது; சிங்கப்பூரில் சாலையோரக் களை. புல்வெட்டி எந்திரம் மழித்துவிட்டுப் போன சில வாரங்களில், ஒரு தண்டு நின்ற இடத்தில் மூன்று நான்கு எழுந்து நிற்கும். பொங்கலுக்குத் தேக்காவில் கட்டிவைக்கும் மாடுகளுக்குப் புல் போட முடிவதும் இந்தக் குணத்தால்தான்.

தண்டின் நுனியில் ஆக்சின் என்ற ஹார்மோன் உருவாகிக் கீழே இறங்கிக்கொண்டே இருக்கிறது. அது வந்துகொண்டிருக்கும் வரை கணுக்களிலும் தூரிலும் உள்ள மொட்டுகள் உறங்கும். நுனியை வெட்டியதும் வரத்து நின்றுவிடும், மொட்டின் அருகே சைட்டோகைனின் என்ற வேறொரு ஹார்மோன் கூடும், மொட்டு விழிக்கும். ஸ்ட்ரிகோலாக்டோன் என்ற இன்னொன்றும் மொட்டுகளை அடக்கி வைக்கிறது. அதன் இந்த வேலை 2008இல்தான் தெரியவந்தது. விழித்த துளிரை நீட்டிவிடுவது ஜிப்ரெல்லின். வெட்டும்போது 10 முதல் 15 சென்டிமீட்டர் தாள் விடச் சொல்வது, அடி மொட்டுகளும் அங்கே சேர்ந்திருக்கும் சர்க்கரையும் அரிவாளோடு போய்விடக்கூடாது என்பதற்காக.

ஜிப்ரெல்லின் பிடிபட்ட கதையே ஓர் எச்சரிக்கை. 1926இல் தைவானில் இருந்த எயிச்சி குரோசாவா, ஜப்பானியர் 'பகானே', அதாவது முட்டாள் நாற்று என்று சொல்லும் நெல் நோயை ஆராய்ந்தார். நாற்று வெளிறி, சரசரவென்று உயர்ந்து, சாய்ந்து, மணி பிடிக்காமல் செத்துப்போகும். நாற்றை அப்படி நீட்டியது ஒரு பூஞ்சை சுரந்த பொருள். அதே பொருளைச் செடியும் தனக்குத் தேவையான மிகச் சிறிய அளவில் தயாரித்துக்கொள்கிறது என்பது பிறகு தெரிந்தது. செல்லுக்குள் டெல்லா என்ற புரதங்கள் வளர்ச்சிக்குப் பிரேக் போட்டு வைத்திருக்கும். ஜிப்ரெல்லின் வந்து தனக்கான ஏற்பிப் புரதத்தில் அமர்ந்ததும், அந்தக் கூட்டு டெல்லாவைப் பிடித்துச் சிதைவுக்கு அனுப்பிவிடும்.

1966இல் வெளிவந்த ஐஆர்8 நெல் குட்டையாக நின்றதற்குக் காரணம், ஜிப்ரெல்லின் தயாரிப்பில் ஒரு படியைச் செய்யும் மரபணு அதில் பழுதாகியிருந்ததே. தானியத்துக்குக் குட்டை நல்லது. தீவனத்தில் மாடு தின்பது இலையும் தண்டும் என்பதால், ஜிப்ரெல்லினைக் கூட்டினால் போதுமே என்று தோன்றும். நியூசிலாந்தில் மேய்ச்சல் நிலத்துக்கு அதைத் தெளிக்கவே செய்கிறார்கள்: ஹெக்டேருக்கு வெறும் 8 கிராம் ஜிப்ரெல்லிக் அமிலம், மேய்ந்து முடித்த சில நாட்களுக்குள் தெளித்து, மூன்று நான்கு வாரம் கழித்து மாட்டை விடுவது. குளிர்மாதங்களில் அந்தப் புல் தானாகத் தயாரிக்கும் அளவு குறைந்துவிடுவதால் பலன் தெரிகிறது. எப்போதும் வெக்கையான நம் ஊரில் அந்தப் பற்றாக்குறை கிடையாது. அங்கேயும் தெளித்த புல் சற்று வெளிறும். அடுத்த அறுப்பில் விளைச்சல் இறங்குவதுண்டு. புதிதாக உணவு எதையும் அது போடவில்லை, இருந்த சேமிப்பை முன்கூட்டியே செலவழிக்க வைத்தது, அவ்வளவுதான். தண்டு நீளும்போது லிக்னினும் ஏறும். மாட்டுக்குச் செரிக்காத மரச்சத்து அது.

அதனால் இன்னொரு வழி: இலையை நீட்டாமல், பழுக்காமல் வைத்திருப்பது. இலையின் முதுமையைத் தள்ளிப்போடும் சைட்டோகைனின் இங்கே வருகிறது. 1941இலேயே தாவர ஆய்வாளர் வான் ஓவர்பீக் செடிக் கருக்களை வளர்க்க இளநீரைப் பயன்படுத்திப் பார்த்தார். ஆர்க்கிட் திசு வளர்ப்பில் இன்றும் இளநீர் ஊற்றுகிறார்கள். அதில் சைட்டோகைனின் வகைகள் இருப்பதை நம் தேசியக் கல்விக் கழக ஆய்வாளர்கள் விரிவாகவே எழுதியிருக்கிறார்கள்.

சைட்டோகைனின் தயாரிக்கும் 'ஐபிடி' என்ற மரபணு, தன் மரபணுவைச் செடிக்குள் செலுத்தத் தெரிந்த அக்ரோபாக்டீரியம் என்ற மண் பாக்டீரியாவிடம் இருக்கிறது. அதை எப்போதும் எங்கும் இயங்கும் புரோமோட்டரோடு, அதாவது மரபணுவை முடுக்கும் சுவிட்சோடு, இணைத்துச் செடிக்குள் வைத்தால் புதர் மண்டும், வேர் பிடிக்காது. 1995இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கான், அமசினோ இருவரும் புகையிலையில் இதற்கு அழகான விடை கண்டார்கள். இலை முதிரத் தொடங்கும்போது மட்டும் விழிக்கும் 'எஸ்ஏஜி12' மரபணுவின் புரோமோட்டரை ஐபிடிக்கு முன்னால் வைத்தார்கள். இலை பழுக்க ஆரம்பித்ததும் ஐபிடி ஓடும். சைட்டோகைனின் உருவாகி முதுமை நிற்கும். முதுமை நின்றதால் புரோமோட்டரும் தானே அணையும். குளிரூட்டியின் தெர்மோஸ்டாட் இப்படித்தான் வேலை செய்கிறது. ஆனால் மண்ணில் தழைச்சத்தான நைட்ரஜன் குறைவாக இருந்தால் இது உதைக்கும். கிழ இலை தன் நைட்ரஜனை விட்டுக்கொடுக்காது; இளம் இலை பட்டினி கிடக்கும்.

மரபணுவை உள்ளே செலுத்தும் வேலையைக் குதிரைமசால் (அல்ஃபால்ஃபா) என்ற தீவனப் பயிரில் பார்க்கலாம். இலையை 70 விழுக்காடு ஆல்கஹாலில் சில நொடி முக்கி, நீர்த்த பிளீச்சில் 10 நிமிடம் வைத்து, கிருமியற்ற நீரில் மூன்று நான்கு முறை அலசுவார்கள். துண்டுகளாக்கி, வேண்டிய மரபணுவை ஏற்றிய அக்ரோபாக்டீரியக் கரைசலில் நனைத்து, ஒற்றி எடுத்து, இருட்டில் இரண்டு மூன்று நாள் விடுவார்கள். ஈரம் ஒற்றாமல் விட்டாலோ நாள் கூடினாலோ பாக்டீரியா தட்டு முழுக்கப் படர்ந்து எல்லாம் வீண். பிறகு பாக்டீரியாவைக் கொல்ல செஃபோடாக்ஸிம், மரபணு ஏறாத செல்களை வடிகட்டக் கானமைசின். லிட்டருக்குச் சுமார் 2.5 மில்லிகிராம் 2,4-டி என்ற செயற்கை ஆக்சின், 1 மில்லிகிராம் கைனடின் என்ற சைட்டோகைனின் கலந்த ஊடகத்தில், கேலஸ் எனப்படும் உருப்பெறாத செல் கூட்டம் திரளும். ஹார்மோன் இல்லாத ஊடகத்துக்கு மாற்றினால் அதிலிருந்து சிறு கருக்கள் கிளம்பும். 2,4-டியில் நீண்ட நாள் கிடந்த கேலஸில் குரோமோசோம் குளறுபடி வரும், கவனம். ஜிப்ரெல்லின் தேவைப்படும் ஊடகத்தில் அதை ஆட்டோகிளேவ் என்ற நீராவிக் கலனில் ஏற்றினால் சிதைந்துவிடும், 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, ஊடகம் ஆறியபின் சேர்ப்பதே முறை. மண்ணுக்கு மாற்றிய செடியை முதல் வாரம் மூடி வையுங்கள். வெளியே எவ்வளவு ஈரப்பதம் இருந்தாலும் ஏர்கான் அறைக் காற்று அந்த மெல்லிய இலையை ஒரு மத்தியானத்தில் சுருட்டிவிடும்.

மரபணு இருக்கிறதா என்று பார்க்கும் பிசிஆர் சோதனையில் அதற்கான பட்டை தெரிந்ததும் கொண்டாட வேண்டாம். செடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் பாக்டீரியாவும் அதே பட்டையைத்தான் காட்டும். அதோடு, குதிரைமசாலில் குரோமோசோம்கள் நான்கு தொகுதி, மொத்தம் 32. தேனீயால் அயல் மகரந்தம் சேரும் பயிர் அது. திசு வளர்ப்புக்கு இணங்கும் ரகங்களும் குறைவு. எனவே வந்த மரபணுவை நல்ல ரகத்துக்குள் கலப்பு செய்து நிலைநிறுத்தப் பல தலைமுறை பிடிக்கும். அமெரிக்கா 2014இல் அனுமதித்த, லிக்னின் குறைந்த குதிரைமசால் ஹார்மோனையே தொடவில்லை. லிக்னின் தயாரிப்பின் ஒரு நொதியை மட்டும் அடக்கியது. சந்தைக்குப் போக அதுவே சுருக்கு வழி என்பது என் கணிப்பு.

அளவு எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஸ்விட்ச்கிராஸ் புல் சாட்சி. செடியை இளமைப் பருவத்தில் நிறுத்தும் 'மிஆர்156' என்ற சிறு ஆர்என்ஏவை அதில் கூட்டிய 2012 ஆய்வில், கூட்டியது அளவாக இருந்தபோது விளைச்சல் 58 முதல் 101 விழுக்காடு வரை ஏறியது, தூர் நிறையக் கட்டியதால். சற்று அதிகமானபோது பூக்கவில்லை. தீவனப் புல்லுக்கு அது லாபமே. மிக அதிகமானபோது புல் குள்ளமாகிவிட்டது.

நம் களைப்புல்லின் உறவான கம்பு நேப்பியர் ஒட்டுப்புல், கோ-4 போன்றவை, இந்த வேலைக்குப் பொருத்தமான ஆள். கம்பின் 14 குரோமோசோமில் பாதியும் நேப்பியரின் 28இல் பாதியும் சேர்ந்து 21 ஆகிவிடுவதால் அது மலடு. விதை கட்டாது, இரண்டு கணு உள்ள கரணையை 60க்கு 50 சென்டிமீட்டர் இடைவெளியில் ஊன்றுவார்கள். ஒரு செடியில் நுழைத்த மரபணு மாறாமல் எல்லாக் கரணையிலும் போகும், மகரந்தத்தில் பறந்து அக்கம்பக்கத்துப் புல்லில் ஏறாது. சிக்கல் முன்படியில் இருக்கிறது: இளம் இலைச்சுருளின் அடிப்பகுதியிலிருந்து கேலஸ் எடுக்க வேண்டும். அது வெளிறி, இறுகலாய், முடிச்சு முடிச்சாக வந்தால் வேலைக்கு ஆகும். நீர் கோத்துப் பழுப்பானால் தட்டை எறிந்துவிட்டு அடுத்த இலைச்சுருளைத் தேட வேண்டியதுதான்.