அயனி: சுமையோடு நடக்கும் அணு

‘சோடியம் ஓர் எலக்ட்ரானை இழந்து நேர்மின்னூட்டம் பெறுகிறது.’ வேதியியல் படிக்கும் பிள்ளைகள் இப்படி ஒரு வரியில் தடுமாறுவது இயல்புதான். இழந்தவன் எதைப் பெற்றான்?

குழப்பம் வேதியியலில் இல்லை, சொல்லில் இருக்கிறது. சோடியம் அணுவில் நேர்மின் துகளான புரோட்டான் 11, எதிர்மின் துகளான எலக்ட்ரான் 11. கணக்கு சரியாக இருப்பதால் அணு நடுநிலையில் இருக்கிறது. ஓர் எலக்ட்ரான் போய்விட்டால் புரோட்டான் பக்கம் ஒன்று மிஞ்சும். அந்த மிச்சம்தான் +1. இங்கே யாரும் எதையும் ஊட்டவில்லை. குளோரினில் இது மறுபக்கம்: ஓர் எலக்ட்ரான் கூடி, 17 புரோட்டானுக்கு 18 எலக்ட்ரான் ஆகிவிட, −1.

மின்னூட்டத்துக்கு ஆங்கிலத்தில் சார்ஜ். அந்தச் சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. வண்டியில் பாரம் ஏற்றுவதைக் குறித்த சொல் அது. இலங்கைப் பாடநூல்களின் ‘ஏற்றம்’ அந்தப் பொருளை அப்படியே பிடித்திருக்கிறது: நேர் ஏற்றம், மறை (எதிர்) ஏற்றம். தமிழ்நாட்டில் மின்னூட்டத்தோடு ‘மின்சுமை’யும் வழங்குகிறது. அணுவைப் பற்றிப் பேசும்போது எனக்கு மின்சுமைதான் பிடிக்கும். ஊட்டம் ஒரு செயல். சுமை ஒரு நிலை. போனுக்கு மின்னூட்டுகிறோம், அது சரி. அணுவோ தன் சுமையைத் தாங்கி நிற்கிறது.

அப்புறம், அயனி. இப்படி மின்சுமை ஏறிய அணுவின் பெயர் அது. 1834இல் மைக்கேல் ஃபாரடே கரைசல்களில் மின்சாரம் பாய்ச்சி ஆராய்ந்தபோது, மின்வாய்களை நோக்கி நகரும் துகள்களுக்குப் பெயர் தேவைப்பட்டது. கேம்பிரிட்ஜ் அறிஞர் வில்லியம் ஹியூவெல் கிரேக்கத்திலிருந்து ‘அயான்’ என்று எடுத்துக் கொடுத்தார். ‘போவது’ என்று பொருள். இரு மின்வாய்களின் பெயர்களான ஆனோடு, கேத்தோடு என்பவையும் அவர் தந்தவையே: மேலேறும் வழி, கீழிறங்கும் வழி. மின்சாரம் கிழக்கிலிருந்து மேற்கே ஓடுவதாக வைத்துக்கொண்டு, சூரியன் எழும் பக்கம் ஒன்று, விழும் பக்கம் மற்றொன்று என்று ஃபாரடே கண்ட கற்பனை அது.

இந்த இடத்தில் எனக்கு ஒரு மகிழ்ச்சி. உத்தராயணம், தட்சிணாயனம் என்கிறோமே, அந்த அயனமும் சூரியனின் ‘போக்கு’தான். அயனம் வடமொழிச் சொல். அதன் வேரும் கிரேக்கச் சொல்லின் வேரும் ஒன்றே. ஆகவே அயனி வெறும் ஒலிபெயர்ப்பாக வந்திருந்தாலும், நம் காதுக்குப் பொருளோடு ஒலிக்கிறது. புதிதாக ஒரு சொல் தேடி அதை விரட்ட வேண்டாம் என்பது என் கருத்து.

ஃபாரடே அறியாத ஒன்றை ஸ்வீடனின் ஸ்வாந்தே அர்ரேனியஸ் 1884இல் சொன்னார்: மின்சாரம் பாய்ச்சாமலே, தண்ணீரில் கரைந்ததுமே உப்பு அயனிகளாகப் பிரிந்துவிடுகிறது. இதற்காக 1903இல் நோபல் பரிசும் பெற்றார்.

நேர்மின்சுமை உள்ள அயனி ஆங்கிலத்தில் கேட்டயான், எதிர்மின்சுமை உள்ளது ஆனயான்; இலங்கையில் அவை கற்றயன், அன்னயன். ஒலி நெருங்குகிறது, ஆனால் எது நேர், எது எதிர் என்று மனப்பாடம் செய்தாக வேண்டும். நேரயனி, எதிரயனி என்றால் அந்தப் பாடு இல்லை. மேலே சொன்ன வரியை இப்படி எழுதலாம்: ‘சோடியம் ஓர் எலக்ட்ரானை இழந்து, +1 மின்சுமை உள்ள நேரயனி ஆகிறது.’