கோப்பு: தனியா, கூட்டா?

கிருஷ்ணகிரியில் ஒரு மாங்காய் மண்டிக்கு பில் போடும் ஆண்ட்ராய்டு செயலி எழுதிக் கொடுத்தேன். கடைக்கு ஒரே டேப்லெட். காலையில் கணக்குப்பிள்ளை உள்நுழைவார், சாயங்காலம் முதலாளி மகன். இரண்டாம் நாளே போன் வந்தது: "ஏங்க, நான் போட்ட பில்லு சின்னவர் பேர்ல நிக்குதுங்களே?" தப்பு என்னுடையது. இரண்டு கணக்குக்கும் ஒரே கோப்பை வைத்திருந்தேன்.

'ஃபைல்' என்பதன் வேர் லத்தீன் 'ஃபீலும்', அதாவது நூல். ஐரோப்பாவில் கடிதங்களை நூலிலோ கம்பியிலோ கோத்துத் தொங்கவிட்ட காலத்துச் சொல். நம் 'கோப்பு'ம் கோத்ததுதான். சாமந்தியை ஊசியில் கோப்பதும், தாலுக்கா ஆபீசில் தாளில் துளை போட்டு டேக் கோப்பதும் ஒரே வினை. 'கோவை'யும் அதே கிளை. (பேச்சில் 'கோர்ப்பது' என்போம், பழைய வடிவம் 'கோப்பது'.) கலைச்சொல் ஆக்கத்தில் வேரோடு வேர் இப்படிப் பொருந்துவது அபூர்வம்.

'அக்கவுண்ட்'டும் 'கம்ப்யூட்டர்'ரும் எண்ணுதல் என்று பொருள்படும் ஒரே லத்தீன் வேரில் பிறந்தவை. ஆனால் பயனர் கணக்கில் கூட்டல் கழித்தல் ஏதும் இல்லை, இன்னார் என்ற அடையாளம்தான். செயலி எழுத உதவும் கருவிகளின் தொகுப்புக்கு 'சாஃப்ட்வேர் டெவலப்மென்ட் கிட்' என்று பெயர். அதில் வரும் 'கிட்' டச்சுக்காரர்களின் மரத்தொட்டி. முடி திருத்துபவர் கத்தியும் சீப்பும் வைக்கும் 'அடைப்பம்' அதற்கு நல்ல தமிழ், யார் கேட்கிறார்கள்! புழக்கத்தில் இருப்பது 'மென்பொருள் உருவாக்கக் கருவித்தொகுதி', வாயில் வருவது எஸ்டிகே.

ஒரே டேப்லெட்டில் பல பயனர்கள் என்பது ஆண்ட்ராய்டு 4.2-இல், 2012-இல் வந்தது. முதல் பயனரின் எண் 0, அடுத்தவருக்குப் பெரும்பாலும் 10. பயனர் எண்ணை 1,00,000-ஆல் பெருக்கி, ஒவ்வொரு செயலிக்கும் தான் தந்திருக்கும் எண்ணைக் கூட்டுகிறது ஆண்ட்ராய்டு. 10085 எண்ணுள்ள செயலி பயனர் 10-இடம் 1010085 ஆகிவிடும். எண் வேறு என்பதால் ஒருவர் கோப்பை மற்றவர் தொட முடியாது. அதனால்தான் கோப்பின் பாதையை நாமே எழுதி வைக்காமல் எஸ்டிகே தரும் 'கெட்ஃபைல்ஸ்டிர்' என்ற கட்டளை மூலம் கேட்டு வாங்க வேண்டும். ஆனால் மண்டியில் டேப்லெட்டுக்குப் பயனர் ஒருவரே. செயலிக்குள்தான் இரண்டு கணக்கு. அங்கே ஆண்ட்ராய்டு காவல் நிற்காது, பிரிக்க வேண்டியது நான்.

இதை விளக்கியதும் கணக்குப்பிள்ளை சொன்னார்: "அப்ப கூட்டுப்பட்டாவைத் தனிப்பட்டா ஆக்கணும்னு சொல்லுங்க."

அவர் ஊர்க்காரர், அப்படித்தான் பேசுவார். 1792-இல் கிருஷ்ணகிரியும் தருமபுரியும் அடங்கிய பாராமகால் கிழக்கிந்தியக் கும்பெனி கைக்கு வந்தபோது கேப்டன் அலெக்சாண்டர் ரீடும், தருமபுரியில் தங்கிப் பணியாற்றிய தாமஸ் மன்றோவும் உழவர் ஒவ்வொருவர் பேரிலும் தனித்தனியே வரி குறித்தார்கள். ரயத்துவாரி முறை இங்கேதான் உருவெடுத்தது. அந்த 'வாரி' பாரசீக ஒட்டு. 'பயனர்வாரிக் கோப்பு' என்று எழுதினால் எல்லோருக்கும் புரியும். எனக்கு 'தனிக்கோப்பு', 'கூட்டுக்கோப்பு' இரண்டும் போதும்.

இப்போது மண்டிச் செயலியில் கணக்கு எண் ஒவ்வொன்றுக்கும் ஓர் அடைவு, அதாவது ஃபோல்டர். பில்லெல்லாம் அதனுள் தனிக்கோப்பு. அன்றைய மாங்காய் விலைப்பட்டியல் மட்டும் கூட்டுக்கோப்பு. அடைவுக்குப் பெயராக ஆள் பெயரை வைக்கவில்லை, ஏனென்றால் கடையில் இரண்டு முருகேசன்.